முட்டுக்கொடுத்த கணக்கு

வடக்குச் சுவர் நாலு விரல் சாய்ந்திருந்தது.
செம்பனைக் கம்பெனி வெட்டிய புதுக்கால்வாய்
அடிமண்ணை அரித்துக்கொண்டு போனதாம்.
நகராண்மைக் கழகத்து எஞ்சினியர்
மோட்டாரை விட்டு இறங்காமலே சொன்னார்:
சன்னலையெல்லாம் செங்கல் வைத்து அடையுங்கள்,
சுவர் நிற்கும்.

மிக்கேலம்மாதான் கோயில் கணக்கு எழுதுகிறவள்.
“அடைச்சா நிக்கும்.
கித்தா ஸ்டோர்கூடத்தான் நிக்குது” என்றாள்.

சுங்கை மெராந்தியில் வெல்டிங் பட்டறை என்னுடையது.
கேட்டு, கிரில், லோரிக்குப் பின்கதவு,
தைப்பூசத்துக்கு இரண்டு காவடிச் சட்டம்.
அந்தோணியார் கோயிலைப் பற்றி எனக்குத் தெரிந்தது
சன்னல் தலை வெற்றிலை நுனிபோல் கூம்பியிருக்கும் என்பதுதான்.
ஏன் கூம்பவேண்டும் என்று
யாரையும் கேட்டதில்லை.

அன்றிரவு கைப்பேசியில் பார்த்தேன்.
பிரான்சு தேசம். எண்ணூறு வருஷக் கல்.
சுவர் இருக்கவேண்டிய இடமெல்லாம் கண்ணாடி.
பிறகு எதுதான் தாங்குகிறது?
படத்தைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கம் போனேன்.
அங்கே,
நண்டு கால் ஊன்றியதுபோல்
வெளியே வளைந்து நின்றன கல் கைகள்.
கூரை தள்ளுகிறது. கை வாங்குகிறது.
வாங்கியதை மண்ணில் இறக்குகிறது.
உள்ளே முழந்தாளிட்டவனுக்கு
ஒன்றும் தெரியாது.
கூம்பும் அதற்குத்தான்:
அரைவட்டம் அகலத் தள்ளும்,
கூம்பு பாரத்தைக் காலைப் பார்த்து அனுப்பும்.
மணி இரண்டரை.
பேட்டரி ஒரு கோடு.

மூடிய புகைக்கூடத்திலிருந்து ஐந்து குழாய் எடுத்தேன்.
ஒன்றைத் துரு தின்றிருந்தது, நாலு தேறியது.
இந்தக் குழாய்களை வைத்து
ஒரு பெரிய வார்த்தை சொல்லலாம்.
‘வெளியே மழையில் நின்று தாங்கிய சனம்’ என்று
ஃபாதர் பிரசங்கத்தில் சொல்லியும்விட்டார்.
எனக்கு அது குழாய்.
மூன்றங்குலம். ரெட் ஆக்சைடு இரண்டு பூச்சு.

கூரைத் தண்ணீர் சுவரிலேயே வழிந்தது.
அந்த ஊரில் இதற்குப் பூதம் வைத்திருக்கிறார்கள்,
வாய் பிளந்து துப்புகிற கல்பூதம்.
நம் கோமுகி சாந்தம்;
இதுகளுக்கு வயிற்றெரிச்சல் அதிகம்.
நானும் ஒன்று அடித்தேன், தகரத்தில்.
பல்லுக்கு உடைந்த ரம்ப பிளேடு.
“அங்கிள், உங்கள மாதிரியே இருக்கு” என்றது ஒரு பொடிசு.
மிக்கேலம்மா உற்றுப் பார்த்து,
“இல்ல, எஞ்சினியர் மாதிரி” என்றாள்.
நவம்பர் மழையில் அது
ஆறடி தள்ளித் துப்பியது,
சரியாகக் கம்பெனி கால்வாய்க்குள்.

பிறகு அந்த வட்டச் சன்னல்.
மேற்கு முகப்பில் எட்டு இதழ்.
நாலாவதை எப்போதோ ஒரு கவண்கல் கொண்டுபோக,
காலண்டர் அட்டை அடைத்துக்கொண்டிருந்தது.
வண்ணக் கண்ணாடி ஈப்போவில் முந்நூறு வெள்ளி.
ஆ கியோங் கடையில் இருந்ததோ
குளியலறைக்குப் போடுகிற கண்ணாடி.
என் முகமூடிக்கு வைத்திருந்த கறுப்புத் துண்டுகள்,
பதினாலாம் நம்பர், ஆறு,
ஈயம் பிடித்துச் சேர்த்து ஏற்றினேன்.
“ஓட்டை மாதிரி இருக்கேப்பா.”
“அஞ்சரைக்கு வாங்க.”

அஞ்சரைக்கு
ஏழு இதழும் பெஞ்சுகள்மேல்
சிவப்பும் நீலமுமாய்க் கொட்டிக்கொண்டிருந்தன.
நாலாவது எதையும் கொட்டவில்லை.
அண்ணாந்தால்
அதற்குள் சூரியன்,
பச்சையாய்,
பத்துக் காசு அளவில்,
விளிம்பு பிசிறாமல், கண் கூசாமல்.

மிக்கேலம்மா வெறுமனே நின்றாள்.
“இத்தனூண்டுதானா?” என்றாள்.

பாக்கி அறுபது வெள்ளி.
கேட்கத்தான் போனேன்.
அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.